காயத்தைக் காக்கும் தோல்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற உடல்நல விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆன்மிகச் சொற்பொழிவுகள் நிகழும் இம்மண்டபத்தில் தோலைப் பற்றியும் புண்ணைப் பற்றியும் பேச வாய்ப்பளித்த நிர்வாகக் குழுவினருக்கு முதற்கண் என் நன்றி உரித்தாகுக. இத்தலைப்பு இவ்விடத்திற்குப் பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே என் கருத்து. இன்னும் சில நாள்களில் நம்மில் பலர் காலணியின்றி நடக்கவிருக்கிறோம். சிலர் அலகு குத்திக் காவடி எடுப்பார்கள். சிலர் பூக்குழி இறங்குவார்கள். இளைஞர்கள் ஆலய வளாகத்தில் புல் வெட்டி, சேறு அள்ளி, பந்தற்கால் நடுவார்கள். இவை அனைத்திலும் முதலில் உராய்வதும் கீறல் படுவதும் நம் தோல்தான்.

தமிழில் 'காயம்' என்னும் சொல்லுக்கு உடம்பு என்றும் பொருள் உண்டு, புண் என்றும் பொருள் உண்டு. ஐம்பொறிகளை எண்ணும்போது தோலின் உணர்வுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் 'மெய்' என்பதாகும். முழு உடம்பையும் குறிக்கும் அதே சொல்லால் தொட்டறியும் பொறியையும் குறித்தார்கள். காவல் செய்வதும் உணர்வதும் ஆகிய இரண்டும் தோலின் தொழில்கள். இவ்விரண்டில் ஒன்று தவறினால் மற்றொன்றும் நிலைகுலையும் என்பதையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

திருமதிலும் அதன் காவலும்

ஆலயத்திற்கு மதில் எவ்வாறோ, உடம்பிற்குத் தோல் அவ்வாறு. வளர்ந்த ஒருவரின் தோலை விரித்து அளந்தால் ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 சதுர மீட்டர் வரை இருக்கும். அதன் மேற்பரப்பில் இருப்பவை உயிரற்ற, தட்டையான உயிரணுக்கள். ஓடு வேய்ந்தாற்போல் அவை அடுக்கடுக்காய்ப் படிந்திருக்கின்றன. இடைவெளிகளைக் கொழுப்புப் பொருள் சாந்து போல் நிரப்புகிறது. அடியில் புதிய உயிரணுக்கள் பிறந்து மேலேற, மேலுள்ளவை உதிர்ந்து விடுகின்றன. ஏறத்தாழ நான்கு வாரங்களில் மேல்தோல் முழுவதும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. கிருமி பற்றிக்கொண்ட ஓடும் கிருமியோடு சேர்ந்தே உதிர்ந்து போகிறது.

தோலின் மேற்பரப்பு சற்றுப் புளிப்புத் தன்மை உடையது. நோய்க்கிருமிகள் பலவற்றிற்கு அப்புளிப்பு ஒவ்வாது. வியர்வையிலும் காவல் உண்டு. 2001ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டூபிங்கன் நகர ஆய்வாளர்கள், வியர்வைச் சுரப்பிகளில் தோன்றும் டெர்ம்சிடின் என்னும் கிருமிக்கொல்லிப் பொருளைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். இவையன்றி, தீங்கு செய்யாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் நம் தோலில் குடியிருக்கின்றன. வீடுகள் நிறைந்த தெருவில் புதியவர் எளிதில் குடிபுக இயலாததுபோல், இவை நிறைந்த தோலில் நோய்க்கிருமி எளிதில் இடம்பிடிக்க இயலாது.

மதில் இடியும் வேளை

கத்தி பட்டோ கல் குத்தியோ தோல் கிழிகிறது என்று கொள்வோம். சில நிமிடங்களுக்குள் இரத்தத்திலுள்ள தட்டணுக்கள் அவ்விடத்தில் ஒட்டிக்கொள்ள, இரத்தம் உறைந்து உடைப்பை அடைக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் வெள்ளையணுக்கள் இரத்தக் குழாய்களின் சுவர்களைக் கடந்து காயத்திற்குள் நுழைகின்றன. இரண்டு மூன்று நாள்களில் அவற்றைவிடப் பெரிய விழுங்கணுக்கள் வந்து சேர்ந்து, கிருமிகளையும் இறந்த திசுக்களையும் விழுங்கித் துப்புரவு செய்கின்றன.

இவ்வுண்மைக்கு வித்திட்டதும் ஒரு முள்தான். 1882ஆம் ஆண்டில் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்த ரஷ்ய அறிஞர் இலியா மெட்ச்னிகாஃப், கண்ணாடி போன்ற உடலுடைய நட்சத்திர மீன் இளம்புழுக்களில் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் உருப்பெருக்கியில் நோக்கியபோது, நகரும் உயிரணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்து நிற்கக் கண்டார். உடல் தன் காவலர்களைத் தானே அனுப்புகிறது என்பதை அவர் நிலைநாட்டினார். 1908ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் பால் எர்லிக் என்னும் அறிஞருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

காயம்பட்ட முதல் இரண்டொரு நாள்களில் அவ்விடம் சிவந்து, சூடாகி, சற்று வீங்குவதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். அளவோடு இருக்குமாயின் அஞ்ச வேண்டியதில்லை. காவலர்கள் வந்து சேர்ந்ததன் அடையாளம் அது. ஆனால், நாளுக்கு நாள் அது தணிய வேண்டும். தணியாமல் பரவுமாயின் காவல் தோற்கிறது என்பது பொருள்.

கட்டுபவரே காவலரும் ஆகிறார்

ஆலயத்தில் திருப்பணி நடைபெறும்போது மதிலின் ஒரு பகுதி திறந்து கிடக்கும். சுவர் எழும் வரையில் அங்கே காவலும் வேண்டும், கட்டுமானமும் நிற்கக்கூடாது. நம் தோலும் இதே இக்கட்டில் அகப்படுகிறது. சிறிய கீறல் சில நாள்களில் மூடிக்கொள்ளும், பெரிய புண் மூட வாரங்கள் ஆகும். அத்தனை நாளும் வெள்ளையணுக்கள் மட்டுமே காவல் செய்கின்றனவா?

இல்லை என்பதை அண்மைக் கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மேல்தோலின் உயிரணுக்களே கிருமிகளைக் கொல்லும் நுண்புரதங்களைத் தயாரிக்கின்றன. அத்தகைய ஒன்றை 1997ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் மனிதத் தோலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். டிஃபென்சின், கேத்தலிசிடின் என இவற்றில் பல வகைகள் உண்டு. இவை நேர்மின்னேற்றம் கொண்டவை, கிருமிகளின் மேலுறையோ எதிர்மின்னேற்றம் கொண்டது. ஆகவே, இவை கிருமியின் உறையில் சென்று ஒட்டி, அதைத் துளைத்துக் கிழித்து விடுகின்றன.

இவற்றைத் தயாரிக்குமாறு தோலுக்கு ஆணை எங்கிருந்து வருகிறது? ஸ்டான்லி கோஹன் என்னும் அமெரிக்க அறிஞர், உயிரணுக்களைப் பெருகச் செய்யும் மேல்தோல் வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்தமைக்காக, ரீட்டா லெவி மொண்டல்சினி அம்மையாருடன் 1986ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். அக்காரணி சென்று பற்றும் அதே வாயில் காயம்பட்டவுடன் திறந்துகொள்ள, அதன் வழியாகவே கிருமிக்கொல்லிப் புரதங்களுக்கான ஆணையும் பிறக்கிறது என்று 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு தெரிவித்தது. கிருமி வந்து சேரும்வரை தோல் காத்திருப்பதில்லை. கிழிந்த செய்தியே அதற்குப் போதுமானது. 'சுவரை எழுப்பு' என்னும் கட்டளையும் 'காவல் செய்' என்னும் கட்டளையும் ஒரே வாயிலாக வருகின்றன. காயத்தின் விளிம்பிலிருந்து ஊர்ந்து வந்து புண்ணை மூடும் உயிரணுக்கள் ஆயுதம் தாங்கியே வருகின்றன. கொத்தனாரே காவலராகவும் நிற்கிறார்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. புண்ணைக் காயவிட்டால்தான் ஆறும் என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக உள்ள நம்பிக்கை. 1962ஆம் ஆண்டில் ஜார்ஜ் விண்டர் என்னும் ஆய்வாளர், பன்றிகளின் தோலில் ஏற்படுத்திய காயங்களில் சிலவற்றை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடியும் சிலவற்றைக் காற்றில் திறந்து வைத்தும் ஒப்பிட்டார். மூடப்பட்டு ஈரப்பதத்துடன் இருந்த காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவில் படர்ந்தது. காய்ந்து இறுகிய பொருக்கின் அடியில் உயிரணுக்கள் வழிதேடித் துளைத்துச் செல்ல வேண்டியுள்ளது. ஈரமான தளத்தில் அவை தடையின்றி நகர்கின்றன.

அவ்வாறே, ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு முதலியவற்றை நாள்தோறும் புண்ணுக்குள் ஊற்றுவதும் தவறு. அவை கிருமியையும் கொத்தனாரையும் வேறுபடுத்தி அறிவதில்லை, இரண்டையும் கொல்கின்றன.

மணி ஒலிக்காத வாயில்

இதுகாறும் கூறியது நலமுள்ள உடலில் நிகழ்வது. இனி, நம் சமூகத்தைச் சிறப்பாகத் தாக்கியுள்ள ஒரு நோய்க்கு வருகிறேன். இந்நாட்டுத் தமிழர்கள் 'இனிப்பு நீர்' என்று வழங்கும் நீரிழிவு நோயே அது.

1868ஆம் ஆண்டில் பெர்லினில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் மாணவர், மேல்தோலில் கிளைகள் பரப்பி நிற்கும் ஒருவகை உயிரணுக்களைக் கண்டார். அவை தோலில் நுழையும் அந்நியப் பொருளை அடையாளம் கண்டு சொல்லும் ஒற்றர்கள் என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. அதற்கு அடுத்த ஆண்டே, கணையத்தில் தீவுகள் போல் சிதறிக் கிடந்த உயிரணுக் கூட்டங்களையும் அவர் விவரித்தார். இன்சுலின் சுரப்பது அத்தீவுகளிலிருந்துதான். தோலின் ஒற்றர்களுக்கும் இன்சுலின் பிறப்பிடத்திற்கும் இன்று அவர் பெயரே வழங்குகிறது. இன்சுலின் குறைந்தாலோ அது பயன்படாமற் போனாலோ தோலின் காவலும் தளர்கிறது என்பதை நோக்கும்போது, அப்பெயர் ஒற்றுமை சிந்திக்கத்தக்கது.

நீரிழிவு மூன்று வழிகளில் காவலைக் கெடுக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது வெள்ளையணுக்கள் செயல் மந்தமடைகின்றன. இரத்தக் குழாய்கள் சுருங்கி அடைபடுவதால் காவலரும் கட்டுமானப் பொருளும் பாதத்தைச் சென்றடைவதில்லை. மூன்றாவதாக, நரம்புகள் பழுதடைந்து வலி உணர்வு மறைகிறது. இம்மூன்றில் நாம் எளிதிற் கவனியாமல் விடுவது கடைசியில் கூறியதையே. வலிக்காத புண்ணைக் கண்டு யாரும் மருத்துவரிடம் ஓடுவதில்லை.

வலி ஒரு வரம் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் மருத்துவர் பால் பிராண்ட். 1914ஆம் ஆண்டில் தமிழகத்தின் கொல்லிமலையில் பிறந்தவர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் கைகால்களுக்கு அறுவை மருத்துவம் செய்தவர். தொழுநோய்க் கிருமியே விரல்களை அரித்துத் தின்கிறது என மக்கள் நம்பிய காலம் அது. உணர்வற்ற கைகால்களில் சூடும் கீறலும் பட்டு, அவை கவனிப்பாரின்றிச் சீழ்பிடிப்பதாலேயே விரல்கள் அழிகின்றன என அவர் காட்டினார். பின்னாளில் அமெரிக்காவில் பணியாற்றியபோது, அதே பாடம் நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருந்துவதை எடுத்துரைத்தார். கோயில் வாயிலில் கட்டிய மணி அறுந்துபோனால், உள்ளே இருப்பவர் அடிக்கடி எழுந்து வந்து வாயிலைப் பார்க்க வேண்டும். வலி மறைந்த பாதத்திற்கு அப்பார்வை ஒன்றே காவல்.

2023ஆம் ஆண்டு மலேசியச் சுகாதார அமைச்சு மேற்கொண்ட தேசிய ஆய்வின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேர் நீரிழிவு உடையவர்கள். அவர்களுள் ஐவரில் இருவர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தார்கள். சிங்கப்பூர் அரசாங்கமும் 2016ஆம் ஆண்டில் இந்நோய்க்கு எதிராகப் போர் அறிவித்தது. இரு நாடுகளிலும் இந்தியர்களிடையே இந்நோய் மிகுந்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். இம்மண்டபத்தில் அமர்ந்திருப்போரிலும் அறியாதவர் சிலர் இருக்கக்கூடும். இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண் உங்களுக்கு இருக்குமாயின், அது அந்நோயின் முதல் அறிவிப்பாகவும் இருக்கலாம்.

நம் மண்ணில் வாழும் கிருமி

ஆலய வளாகத் துப்புரவுப் பணியில் இறங்கும் இளைஞர்களுக்கு ஒரு சொல். மெலியோய்டோசிஸ் என்னும் நோயின் கிருமி இப்பகுதியின் ஈர மண்ணிலும் சேற்று நீரிலும் வாழ்கிறது. அந்நோய்க்கு 1921ஆம் ஆண்டில் அப்பெயரைச் சூட்டிய ஸ்டாண்டன், ஃபிளெட்சர் ஆகிய இருவரும் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பணிபுரிந்தவர்கள். தோலிலுள்ள சிறு கீறலும் இக்கிருமிக்குப் போதிய வாயிலாகும். இது நுரையீரலைத் தாக்கிக் காய்ச்சல் தரலாம், உள்ளுறுப்புகளில் சீழ்க்கட்டிகளையும் உண்டாக்கலாம், உயிருக்கும் இடர் விளைவிக்கலாம். இதனால் மிகுதியாகத் தாக்கப்படுவோர் நீரிழிவு நோயாளிகளே. ஆகவே, சேற்றில் இறங்குவோர் ரப்பர் காலணியும் கையுறையும் அணிதல் வேண்டும். காலில் புண் உள்ளவர்கள் அப்பணியைப் பிறருக்கு விட்டு, அன்னதானக் கூடத்தில் உதவலாம். இரண்டும் தொண்டே.

நாம் செய்யத்தக்கவை

காயம் பட்டவுடன் முதலில் உங்கள் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். தூய துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்துங்கள். ஓடும் குழாய் நீரில் மண்ணும் தூசும் போகும்வரை காயத்தை அலசுங்கள். பின்னர்த் தூய்மையான கட்டால் மூடுங்கள். கட்டு நனைந்தாலும் அழுக்கானாலும் உடனே மாற்றுங்கள்.

மஞ்சள் தூள், காப்பித்தூள், புகையிலை முதலியவற்றைத் திறந்த புண்ணில் அப்ப வேண்டா. சமையலறை மஞ்சளுக்கு ஆயிரம் சிறப்பு உண்டு, ஆயினும் டப்பாவில் இருக்கும் தூள் கிருமி நீக்கப்பட்டதன்று. திருநீறு நெற்றிக்கும் மேனிக்கும் உரியது. அலகு அகற்றிய இடத்தில் திருநீறு இடுவது நம் மரபு, அதைக் குறைகூற நான் வரவில்லை. வழிபாடு முடிந்து வீடு திரும்பியதும் அவ்விடத்தைத் தூய நீரால் கழுவி, சில நாள் கவனித்து வாருங்கள் என்றே வேண்டுகிறேன். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியோ அலகோ கிருமி நீக்காமல் மற்றவருக்குப் பயன்படுத்தக்கூடாது. இரத்தத்தின் வழியாகக் கல்லீரல் அழற்சியும் எச்ஐவியும் பரவக்கூடும்.

பூக்குழி இறங்கியவருக்குப் பாதத்தில் எரிச்சலோ கொப்புளமோ தோன்றினால், பாற்குழியைக் கடந்தபின் ஓடும் தூய நீரில் 20 நிமிடம் பாதத்தைக் காட்ட வேண்டும். கொப்புளத்தை உடைக்கலாகாது. பற்பசை, சோயா சாஸ், வெண்ணெய் எதையும் தடவ வேண்டா. பாத உணர்வு குறைந்தவர்கள் பூக்குழி இறங்குவதைத் தவிர்த்து, வேறு வகையில் நேர்த்திக்கடனை நிறைவேற்றலாம். ஊர்வலப் பாதையில் உடைத்த தேங்காய் ஓடுகளும், நண்பகல் வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையும் அவர்களுக்கு இரட்டை ஆபத்து. பாதையைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைப்பது நிர்வாகத்தினர் செய்யத்தக்க பேருதவி.

நீரிழிவு உள்ளவர்கள் இரவு படுக்குமுன் பாதங்களை விரல் இடுக்கு வரை பார்க்க வேண்டும். குனிய இயலாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். காலில் சிறு புண் கண்டாலும் அன்றே கிளினிக்குக்குச் செல்லுங்கள். கால் அகற்றப்படுவதில் முடியும் துயரக் கதைகளில் பெரும்பாலானவை, வலிக்கவில்லை என விட்டுவிட்ட ஒரு சிறு புண்ணிலேயே தொடங்குகின்றன.

சிவப்பு பரவுதல், வீக்கமும் வலியும் கூடுதல், சீழ், துர்நாற்றம், காய்ச்சல், காயத்திலிருந்து மேலேறும் செங்கோடு ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் எவராயினும் காலம் தாழ்த்தலாகாது. முன்பு வாங்கி மீந்துபோன மாத்திரைகளைத் தாமாகவே விழுங்குவதும் கூடாது. இழுப்பு நோய்த் தடுப்பூசி போட்டுப் பத்தாண்டு கடந்தவர்களும், ஆழமான அல்லது மண்படிந்த காயமாயின் ஐந்தாண்டு கடந்தவர்களும் அதுபற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இறுதியாக உணவு. புண் உள்ளவருக்குப் பத்தியம் என்ற பெயரில் சத்துணவை நிறுத்திவிடுகிறோம். புதிய திசுவை எழுப்பப் புரதம் தேவை. அதனை இறுக்கிப் பிணைக்கும் கொலாஜன் உருவாக வைட்டமின் சி தேவை. முற்காலக் கடலோடிகளுக்கு அச்சத்து நெடுநாள் கிடைக்காதபோது, ஆண்டுகளுக்கு முன் ஆறிய தழும்புகளும் மீண்டும் பிளந்தன. விரதம் இருப்போரும் பருப்பு, பால், தயிர், கீரை, கொய்யா முதலியவற்றை உண்ணலாம். ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் உபவாசத்திற்கு முன் மருத்துவரைக் கலந்து கொள்ளுங்கள்.

அன்பர்களே, மூடிய புண்ணின் கீழும் திருப்பணி தொடர்கிறது. கொலாஜன் இழைகள் ஓராண்டும் அதற்கு மேலும் சீரமைக்கப்படுகின்றன. அப்படியும் தழும்பின் வலிமை பழைய தோலின் வலிமையில் நூற்றுக்கு எண்பது பங்கையே எட்டும். ஒருமுறை புண்பட்ட பாதத்தை ஆறிய பின்னரும் மறவாமல் காத்துவருவது அதனாலேயே இன்றியமையாதது.

இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும், உங்கள் பெற்றோர், மாமன் மாமியார், தாத்தா பாட்டி ஆகியோரின் பாதங்களை விளக்கொளியில் ஒருமுறை பாருங்கள். பெரியோர் பாதம் தொட்டு வணங்குவது நம் பண்பாடு. வணங்கும் கைகள் அப்பாதத்தை உற்று நோக்கவும் செய்தால், அதுவும் அவர்களுக்குச் செய்யும் தொண்டாகும்.